தவளைக் காரின் எடை

ராஜேந்திரன் ஏற்காட்டிலிருந்து ஓட்டி வந்த கார் ஆலங்காயம் கடைத்தெருவில் வந்து நின்றபோது அதைக் கார் என்று ஒத்துக்கொள்ளவே பாதிப் பேருக்கு மனசு வரவில்லை. ஆள் இடுப்பு உயரம்கூட இல்லை. ரெண்டே பேர் உட்காரலாம். கூரைக்குப் பதில் துணி. முன் விளக்கு ரெண்டும் பானெட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு, மழைக்குப் பின்னால் வரப்பில் எட்டிப் பார்க்கிற தவளை மாதிரி இருந்தது. பொழுது சாய்வதற்குள் தவளை என்று பேர் விழுந்துவிட்டது.

ராஜேந்திரன் புளி மண்டிக்காரர் மகன். ஊரில் எல்லோருக்கும் சின்ன முதலாளி. மெட்ராசில் படித்தபோது சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்துவிட்டு வந்தவன், அன்றிலிருந்து வேறு பேச்சு இல்லை. தானும் ஓட்ட வேண்டும். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக்காரர் விற்கிறார் என்று தெரிந்ததும் அப்பாவின் காலைப் பிடித்து அந்தப் பழைய இங்கிலீஷ் காரை வாங்கிவிட்டான்.

மண்டிக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருந்தவன் தங்கவேல். மண்டி லாரிகளுக்கு அவன்தான் மெக்கானிக். அவனுடைய அப்பன் அதே மண்டியில் மூட்டை தூக்கி, கழுத்து ஒரு பக்கமாய் இறங்கி, அப்படியே செத்தவன். தங்கவேல் மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறி, அடி வாங்கி உதை வாங்கித் தொழிலைப் பிடித்தவன். அவனைத்தான் ராஜேந்திரன் கூப்பிட்டான்.

"தங்கவேலு, என்ஜின்ல கை வெக்காத. வண்டி எடையக் கொற. எடை கொறஞ்சா வேகம் தன்னால வரும். பொஸ்தகத்துல போட்டுக்கீறான்."

"எவ்ளோ கொறைக்கணுங்க?"

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ. நல்லா செஞ்சிட்டேன்னு வெய்யி, சோழவரத்துக்கு நீதான் மெக்கானிக்கு. வெள்ளை டிரஸ்ஸு, முதுகுல ஒன் பேரு. காருங்க நிக்கிற எடத்துல வெள்ளைக்காரங்களோட சரிக்குச் சரி நிக்கப் போற."

அந்த வெள்ளைச் சட்டை அன்றைக்கே தங்கவேல் மேல் ஏறிக்கொண்டது. அவன் வம்சத்தில் வேலைக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் போனவன் ஒருத்தன் கிடையாது. அழுக்கு தெரியாத நிறமாகப் பார்த்து வாங்கிய ஆட்கள்தான் எல்லோரும்.

முதல் வேலையாக எடை பார்த்தார்கள். மண்டித் தராசில் முழுக் காரையும் ஏற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டில் ஏற்றி, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, கூட்டிக்கொண்டார்கள். தராசுக்கார ரங்கசாமி வாய் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

"சின்ன மொதலாளி, புளிக்கு ஈரக் கழிவு புடிக்கிறோமே, இதுக்கும் புடிக்கணுமா?"

"எடையச் சொல்லுய்யா."

"சொல்றேன். கொட்ட எடுத்த புளியா, எடுக்காத புளியான்னு தெரிஞ்சிக்கணும்ல."

"கொட்டையெடுக்கத்தான் ஆளு வந்துக்கீறான்" என்று ராஜேந்திரன் தங்கவேலைக் காட்ட, மண்டி முழுக்கச் சிரித்தது. தங்கவேலும் சிரித்தான்.

கொட்டை எடுக்கிற வேலைதான் அது. முன் பம்பர், பின் பம்பர், ஸ்டெப்னி, ஜாக்கி, துணிக் கூரை, அதன் கம்பிகள், தரை விரிப்பு, அதற்குக் கீழே ஒட்டியிருந்த சாக்கு மாதிரியான நார். பக்கத்து சீட். ஹீட்டர் ஒன்று இருந்தது. ஆலங்காயத்துக்கு ஹீட்டர் என்று ரங்கசாமி அதைத் தூக்கி வெயிலில் வைத்துவிட்டு, குளிர்கிறதா என்று அதைக் கேட்டான். முன் கண்ணாடியை எடுத்துவிட்டு ஒரு சாண் உயரத்துக்குப் பிளாஸ்டிக் தகடு. கதவின் உள்பக்க அட்டை. பெரிய பேட்டரிக்குப் பதில் சின்னது. இரும்புப் பட்டைகளில் எங்கெங்கே பலம் வேண்டாமோ அங்கெல்லாம் டிரில் போட்டு ஓட்டை. இட்லித் தட்டு மாதிரி ஆகிவிட்டது உள்பக்கம். ஒவ்வொன்றும் கழன்று வரும்போது தங்கவேலுக்கு ஒரு வெறி ஏறியது. கிராம் கணக்கில் போகிற ஆணியைக்கூட விடவில்லை. மறுபடி எடை போட்டபோது, "மூணு மூட்ட எறங்கிடுச்சி" என்று ரங்கசாமி கத்தினான். ராஜேந்திரன் தங்கவேலின் தோளில் கைபோட்டான். மூட்டை தூக்கியவன் மகன் தோளில், மண்டி முதலாளி மகன் கை.

அதற்கப்புறம்தான் தங்கவேல் ஹேண்ட்பிரேக்கில் கை வைத்தான். பிடி, கேபிள், பின்னாலிருக்கும் தண்டு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் எடை வரும்.

"மலை ரோட்டுல நிறுத்தணும்னா?" என்றான் ராஜேந்திரன்.

"கிளீனர் இருக்கற வண்டிக்கு அது எதுக்குங்க? ஒரு கல்ல எட்த்து டயருக்குக் குடுத்தா நிக்கப் போவுது."

"அட, இத்தினி இரும்புக்குப் பதிலா ஒரு கல்லா" என்று ராஜேந்திரன் ஒத்துக்கொண்டான்.

கடைசியாக மிஞ்சியது ஒரு தகடு. ஏற்காட்டுக்காரர் தோட்டத்துப் பாதையில் ஓட்டுவதற்காக என்ஜினுக்கு அடியில் போட்டு வைத்த கனத்த இரும்புத் தகடு. என்ஜினின் அடிவயிறு மாதிரி ஆயில் நிற்கிற சேம்பர், கல்லில் இடித்து உடையாமல் அது காக்கும். ராஜேந்திரன் குனிந்து பார்த்துவிட்டு யோசித்தான்.

"இது இருக்கட்டுமா? அவன் சும்மாவா போட்டிருப்பான்?"

"அது மண் ரோட்டுக்குங்க. சோழவரத்துல கல்லு எங்கேர்ந்து வரும்? நம்ம மலை ரோடும் இப்ப தார்தானே. காவலூர்ல டெலஸ்கோப்பு வெச்சி வானம் பாக்கறவங்க வந்தப்புறம் ரோடு கண்ணாடியாட்டம் கீது. கழட்டிடலாங்க. இதுலயே அர மூட்ட கீது."

தங்கவேல்தான் சொன்னான். தங்கவேல்தான் கழற்றினான்.

ஓட்டிப் பார்க்க மலைச்சாலையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறுகிற வளைவுகளில் நின்று தாங்கினால் சமவெளியில் பறக்கும் என்பது ராஜேந்திரன் கணக்கு. வண்டியை மேலேயே வைத்துக்கொள்ள, பாதிமலையில் எலந்தப்பட்டில் கருப்பன் வீட்டு மாட்டுக்கொட்டகை கிடைத்தது. கருப்பன் மலைக்காரன். சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவன். அவன் மரத்துப் புளியெல்லாம் இந்த மண்டிக்குத்தான் இறங்கும். அதனால் சின்ன முதலாளி கேட்டதும் மாட்டை வெளியே கட்டிவிட்டுக் காரை உள்ளே விட்டான்.

தங்கவேல் அங்கேயே தங்கி வேலை பார்த்தான். கருப்பன் பெண்சாதி மாதம்மாள் அவனுக்கும் சேர்த்து ஆக்கினாள். சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும். "மேஸ்திரி அண்ணா, வண்டிய எடையக் கொறச்சது போதும், நீங்க கொறையாதீங்க" என்று இன்னொரு கரண்டி போடுவாள். கருப்பன் கொட்டகை வாசலில் குந்திக்கொண்டு, கழற்றின காரைப் பார்த்தபடி இருப்பான்.

"ஏம்பா மேஸ்திரி, இத்தினியும் எட்த்துட்டியே, ஓட்றவனுக்குக் குளிராதா?"

"வேகமா போனா குளுரு தெரியாது கருப்பா."

"வேகமா போய் இன்னா பண்ணுவாரு?"

"திரும்பி வருவாரு."

கருப்பன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்த ஊரில் அவனுக்கு ஒரு மரியாதை இருந்தது. தை கடைசியில் காளி திருவிழாவில் சாமிப் பெட்டியைத் தலையில் வைத்து ஓடைக்குக் கொண்டு போகிற வம்சம் அவனுடையது. அவன் அப்பன் சுமந்தது, இப்போது அவன். வேறு யாரும் தொடக்கூடாது. அந்தப் பத்து நாள் செருப்புப் போட மாட்டான், பொய் பேச மாட்டான் என்று மாதம்மாள் பெருமையாய்ச் சொல்லியிருந்தாள். "மத்த நாளு?" என்று தங்கவேல் கேட்டதற்கு, "மத்த நாளு பேசவே மாட்டாரு" என்றாள்.

ஓட்டிப் பார்த்த அன்று காலை பஸ் வருவதற்கு முன்பே ஆரம்பித்தார்கள். வளைவுகளைப் பெருக்கிக் கல்லும் சாணியும் இல்லாமல் வைப்பது கருப்பன் வேலை. இருட்டு விலகும்போதே துடைப்பத்தோடு போய், கீழிருந்து மேல்வரை ஒரு சல்லிகூட விடாமல் தள்ளிவிட்டு வந்தான். அப்புறம் ஊர்ப் பிரிவில் சிவப்புத் துணியோடு நின்றுகொண்டான், மாடு கீடு குறுக்கே வராமல் பார்க்க.

முதல் ஓட்டத்தில் தங்கவேலும் கூட ஏறினான். சீட் இல்லாத இடத்தில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தான். தரையின் ஓட்டை வழியாக ரோடு ஓடுவது தெரிந்தது. ஊர்ப் பிரிவு தாண்டி, புளியமரத்து வளைவில் தண்ணீர் கொதித்துவிட்டது. ராஜேந்திரன் நிறுத்தினான். வண்டி பின்னால் நழுவ, தங்கவேல் பழைய கிளீனர் பழக்கத்தில் கதவைத் தாண்டிக் குதித்து, ஓரத்துச் சரிவிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துப் பின் டயருக்குக் கொடுத்தான். நல்ல கல், ஒரு பக்கம் சப்பை, ஒரு பக்கம் முனை. வண்டி நின்றது. சூடு தணிந்து தண்ணீர் ஊற்றியதும் ராஜேந்திரன் ஸ்டார்ட் செய்தான்.

"ஏறு ஏறு, நின்னா மறுபடி கொதிக்கும்."

வண்டி நகர்ந்துவிட்டது. தங்கவேல் ஓடி ஏறிக்கொண்டான். லாரியில் இருந்தவர்களுக்கு இது பழக்கம். மேட்டில் நகர்ந்த லாரியை விட்டால் பிடிக்க முடியாது. டிரைவர் கெட்ட வார்த்தையில் கத்துவார். கல்லைத் திரும்ப எடுத்து ஓரம் போட எந்தக் கிளீனருக்கு நேரம் இருந்திருக்கிறது? மலை ரோட்டில் கிடக்கிற பாதிக் கல் அப்படிக் கிடப்பதுதான். தங்கவேலுக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

மேலே போனதும் ராஜேந்திரன், "நீ எறங்கு. நீயே ஒரு மூட்ட. வாட்ச்சப் பாத்துக்கினு இங்க நில்லு, நான் கீழ போய் ஒரே மூச்சுல ஏறி வர்றேன்" என்றான். இறங்கிப் போகும்போது ரோட்டின் மறு ஓரமாகப் போனான். ஊர்ப் பிரிவில் கருப்பனிடம் ரோடு சுத்தமா என்று கேட்டானாம். சுத்தம் சாமி என்றானாம் அவன். காலையில் பெருக்கியதை மனசில் வைத்துத்தான் சொன்னான்.

தங்கவேல் மேலே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். சத்தம் வளைவு வளைவாக ஏறி வந்தது. நல்ல சத்தம். எடை போன வண்டியின் சத்தம் அவனுக்குத் தெரிந்தது, தன் கையால் ஆனது. அவன் உதட்டில் சிரிப்புகூட வந்தது. அப்போது ஒரு இடி. அப்புறம் என்ஜின் கத்திக்கொண்டே போய், அறுந்த மாதிரி நின்றது.

ஓடி இறங்கினான். புளியமரத்து வளைவில் கார் குறுக்கே நின்றது. பின்னால் ரோட்டில் நீளமாகக் கறுப்பு ஆயில். சேம்பர் பிளந்து, ஆயில் இல்லாமல் ஓடியதில் என்ஜின் இறுகிவிட்டது. ராஜேந்திரனுக்கு அடி இல்லை, நெற்றியில் ஒரு கீறல். அவன் கையில் அந்த வெள்ளைக் கல் இருந்தது.

"இதப் பாரு. இதப் பாரு தங்கவேலு. நட்ட நடு ரோட்டுல கெடக்குது."

தங்கவேல் பார்த்தான். சப்பையான பக்கத்தில் டயர் அழுத்திய கறுப்பு ரப்பர் கோடு இருந்தது. அவனுடைய கல்தான். காருக்கு அடியில் குனிந்து சேம்பரைப் பார்க்கப் போனான்.

அதற்குள் சத்தம் கேட்டு எலந்தப்பட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். கருப்பன் சிவப்புத் துணியோடு ஓடி வந்தான். பின்னால் மாதம்மாள். ராஜேந்திரன் ஒன்றும் கேட்கவில்லை. கருப்பன் வந்து நின்றதுமே அறைந்தான். இன்னொன்று. கருப்பன் முண்டாசு அவிழ்ந்து ஆயிலில் விழுந்தது.

"பெருக்குனேன்னு சொன்னியேடா. இது இன்னா, ஒங்கப்பன் வெச்ச கல்லா?"

"சாமி, காலையில ஒரு சல்லிகூட உடல சாமி."

"பொய் வேற சொல்றியா?"

கருப்பன் சுற்றிப் பார்த்தான். ஊரே நின்றது. "காளி மேல சத்தியம், சாமி. இந்த எடத்துல ஒரு கல்லு இல்ல" என்று சத்தியம் அடிக்கக் கையைத் தூக்கினான். சத்தியம் என்றால் அங்கே சும்மா வாயால் சொல்வதில்லை. எதிராளி கையை நீட்ட வேண்டும், அதில் அடித்துக் கொடுக்க வேண்டும். ராஜேந்திரன் கையை நீட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். கருப்பனின் கை வெறும் காற்றில் நின்றது. அப்புறம் அது தங்கவேலைப் பார்த்துத் திரும்பியது.

"மேஸ்திரி, நீ குடுப்பா கைய."

தங்கவேல் கையைக் கொடுத்தான். ஏன் கொடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. கொடுக்காமல் இருந்தால் சொல்ல வேண்டி வந்திருக்கும். கருப்பன் ஓங்கி அடித்தான். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. சுரீர் என்றது.

"தூக்கிப் போடு அந்தச் சனியன" என்று ராஜேந்திரன் கல்லைத் தங்கவேலிடம் எறிந்தான். தங்கவேல் அதைப் பள்ளத்தில் போட்டான். சொன்னதைவிட வேகமாகப் போட்டான்.

மண்டி லாரி வந்து காரை இழுத்துப் போனது. ஆலங்காயத்தில் என்ஜினைப் பிரித்தார்கள். வேலூரிலிருந்து சாமான் வரவேண்டும், ரேசுக்கு நாள் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று ராஜேந்திரன் ரெண்டே நாளில் தெளிந்துவிட்டான்.

"தகட்டக் கழட்டுனது தப்புங்க. நான்தான் சொன்னேன்" என்றான் தங்கவேல், தரையைப் பார்த்துக்கொண்டு. பாதியாவது சொல்லிவிட்டால் மிச்சம் இறங்கும் என்று நினைத்தான்.

"ஒன் மேல இன்னா தப்பு? ரோடு சுத்தமா இருந்திருந்தா தகடு எதுக்கு? எல்லாம் அந்தக் கருப்பனால. நீ மனசுல வெச்சிக்காத. டெய்லர்கிட்ட அளவு குடுத்தியா?"

கொடுத்திருந்தான். துணி வெட்டியாகிவிட்டது. தங்கவேல் குனிந்து ஸ்பேனரைத் தேடினான். அது கையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மாதம்மாள் வந்தாள். ஷெட் வாசலில் கூடையை இறக்கிவிட்டு நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று தங்கவேல் எழுந்து நின்றான்.

"அண்ணா, ஒரு ஒத்தாச. அந்த வாயில்லாத மனுசன் வர மாட்டாரு, நான்தான் வந்தேன்."

"இன்னா மாதம்மா?"

"ஊர்க்கவுண்டரு சொல்லிட்டாரு, இந்த வருசம் இவரு பெட்டியத் தொடக் கூடாதுன்னு. காளி மேல பொய் சத்தியம் பண்ண கையாம். பங்காளி ஒர்த்தன் எட்த்துக்கப் போறான். ஒருக்கா கை மாறுச்சின்னா மாறினதுதான் அண்ணா, எம் புள்ளைங்களுக்கும் இல்ல. அன்னியிலேர்ந்து இவரு சரியா சாப்புடல. நானே எங்கியோ ஒரு கல்ல உட்டுட்டேன் போல, மேஸ்திரி வேலையெல்லாம் கெடுத்துட்டேன்னு பொலம்புறாரு."

தங்கவேல் கடைவாயைக் கடித்துக்கொண்டான்.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. கல்லு மேலேர்ந்து உருண்டு வந்துதுன்னு. நீங்க வண்டி தெரிஞ்சவரு, வெளியாளு. ஒங்க பேச்ச எடுத்துக்குவாங்க. அவருக்குத் தெரியாம வந்து கேக்கறேன்."

அவளே அவனுக்கு வழி காட்டினாள். மேலிருந்து உருண்டு வந்தது. யார் தப்பும் இல்லை. கருப்பனுக்குப் பெட்டி கிடைக்கும், தங்கவேலுக்கு வெள்ளைச் சட்டை கிடைக்கும். இப்படி ஒரு சுலபம் இருக்குமென்று அவன் நினைக்கவே இல்லை. "நாளைக்கே வர்றேன்" என்றான். அவள் கூடையிலிருந்து ஒரு படி கொள்ளை அவன் மேசையில் கொட்டிவிட்டுப் போனாள். அவன் அதை வழித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தான்.

மறுநாள் பஸ்ஸில் ஏறிப் போனான். எலந்தப்பட்டில் காளி கோயில் என்பது நாலு கம்பமும் ஓலைக் கூரையும்தான். அதற்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்கவுண்டர் சின்னதம்பி, ஒரு கண் பூத்த மனிதர், கல் மேல் உட்கார்ந்திருந்தார். கருப்பன் தள்ளி ஓரமாய் நின்றான். தங்கவேலைப் பார்த்ததும் அவன் முகம் கோணிக்கொண்டது. சங்கடப்பட்டுச் சிரிக்கிறான் என்று புரிந்தது.

"மேஸ்திரி, ஒன் வண்டி சரியாயிடுச்சா?" என்றான் முதல் கேள்வியாக.

"ஆயிடும்."

"நல்லது."

சின்னதம்பி, "சொல்லுப்பா, இன்னா பாத்த?" என்றார்.

தங்கவேல் பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததைச் சொன்னான். கல் சரிவிலிருந்து உருண்டிருக்கும் என்றும், காரின் அதிர்வில் மேலிருக்கும் கல் இளகும் என்றும், லாரி போகும்போதுகூட அப்படி ஆகும் என்றும். பேசப் பேச அவனுக்கே நம்பிக்கை வந்தது. கூட்டத்தில் தலைகள் ஆடின. கருப்பன் மேல் யாருக்கும் பகை இல்லை. ஒரு சாக்குக் கிடைத்தால் போதுமென்றுதான் எல்லோரும் இருந்தார்கள். பெட்டி எடுக்க இருந்த பங்காளியே, "நான்தான் சொன்னேனே" என்றான்.

"நீ எங்கடா சொன்ன" என்றாள் ஒரு பெண். சிரிப்பு எழுந்தது.

மாதம்மாள் வேலியோரம் நின்று கேட்டுவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கோழி கத்துகிற சத்தம் வந்தது, நின்றது. தங்கவேலுக்காக அடிக்கிறாள்.

"அப்ப சரி, முடிஞ்சிது" என்றார் சின்னதம்பி. "சொன்னதக் கருப்பன் கையில அடிச்சிக் குடுத்துட்டுப் போ. சத்தியத்துக்கு எதிர் சத்தியம் இல்லாம நாங்க மாத்த முடியாது."

கருப்பன் முன்னால் வந்து கையை நீட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. சந்தோஷத் தண்ணீர். உள்ளங்கையில் மண் ரேகைகள். நகத்தில் அன்றைய ஆயிலின் கறுப்பு இன்னும் போகவில்லை.

தங்கவேல் கையைத் தூக்கினான். தூக்கின கை இறங்கவில்லை.

சாமிக்குப் பயந்தான் என்று அப்புறம் ஆலங்காயத்தில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் இல்லை. அவன் காளியைப் பெரிதாகக் கும்பிட்டவனும் இல்லை. நீட்டிய அந்தக் கை அவனுக்காக நீட்டியிருந்தது. நன்றியோடு நீட்டியிருந்தது. அதில் அடிக்க முடியவில்லை.

"அது உருண்டு வர்ல" என்றான். அது யாருக்கும் எட்டவில்லை. மறுபடி சொன்னான். "கல்லு உருண்டு வர்ல. நான் வெச்சது. வண்டி நழுவாம இருக்க டயருக்குக் குடுத்தேன். எடுக்காம உட்டுட்டேன். கருப்பன் பெருக்குனப்ப அங்க கல்லு இல்ல."

கருப்பன் கையை நீட்டியபடியே நின்றான், எடுக்க மறந்தவன் மாதிரி.

"எப்பத் தெரிஞ்சிது ஒனக்கு?" சின்னதம்பி கேட்டார்.

"அங்கியே. கல்லப் பாத்த ஒடனே."

"கருப்பன் அடி வாங்கறதுக்கு முன்னாடியா?"

"ஆமாங்க."

"அவரு அடிச்சிடுவாருன்னு பயந்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதையும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சின்ன முதலாளிக்குப் பயப்படுவது அங்கே எல்லோருக்கும் புரிகிற விஷயம். ஆனால் அது உண்மையில்லை. ராஜேந்திரன் அவனை அடித்திருக்க மாட்டான்.

"இல்லீங்க. மெட்ராசுக்குக் கூப்ட்டுக்கினு போறேன்னாரு. சொன்னா உட்டுட்டுப் பூடுவாருன்னு."

"மெட்ராசுல இன்னா?"

"கார் ஓட்றதப் பாக்க." அது அவன் காதுக்கே எப்படியோ இருந்தது. "வெள்ளைச் சட்ட குடுப்பாங்க" என்றான் கூடவே.

யாரோ ஒருவன் கொஞ்சம் சிரித்தான். பக்கத்திலிருந்தவன் அவனை இடித்தான். சிரித்திருந்தாலும் பரவாயில்லை என்று தங்கவேலுக்கு இருந்தது. சின்னதம்பி மாத்திரம் புரியாதவர் போல, "சட்டையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பூத்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கருப்பன் பக்கம் திரும்பி, "ஒன் சத்தியம் சத்தியம்தான்டா. பெட்டி ஒன்னுதுதான். போ, போயி குளி" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. தங்கவேலை யாரும் திட்டவில்லை. அவனை என்ன செய்வதென்று யாரும் பேசவும் இல்லை. அவன் அந்த ஊர்க்காரன் இல்லை.

கருப்பன் அப்போதுதான் கையை மடக்கினான்.

"நான் ஒன் கையில அடிச்சனே மேஸ்திரி" என்றான், மெதுவாக. "அப்பவும் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் கருப்பா."

கருப்பன் தலையை ஆட்டினான்.

தங்கவேல் பஸ் நிற்கிற இடத்துக்குப் போகத் திரும்பினான். அதற்குள் மாதம்மாள் வந்துவிட்டாள். அவளுக்கு யார் சொன்னார்களோ, முகம் இறுகியிருந்தது. ஆனாலும், "சோறு ஆயிடுச்சி. ஒங்களுக்குன்னு அடிச்ச கோழி. சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருப்பதாகப் படவில்லை. கருப்பன் வீட்டு வாசலில் இலை போட்டார்கள். இதற்கு முன் கருப்பனும் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து சாப்பிட்ட இடம். இன்று அவன் ஒருத்தனுக்குத்தான் இலை. பிள்ளைகளை மாதம்மாள் உள்ளே வைத்துக்கொண்டாள். சாமைச் சோற்றில் குழம்பை ஊற்றினாள். போதும் என்று கை காட்டியபோது நிறுத்திவிட்டாள். இன்னொரு கரண்டி என்று கேட்கவில்லை.

தங்கவேல் சாப்பிட்டான். ஒவ்வொரு உருண்டையையும் தண்ணீர் குடித்து இறக்கினான். இலையில் மிச்சம் வைத்தால் அது இன்னொரு குற்றம். எலும்பைக்கூட ஒழுங்காகக் கடித்து வைத்தான். கருப்பன் எதிரே, கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, மாட்டைப் பழைய இடத்தில் கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றை இழுத்து முடிந்தான், அவிழ்த்தான், மறுபடி முடிந்தான்.

கை கழுவ எழுந்தபோது கருப்பன் வந்து சொம்பைச் சாய்த்தான்.

"சின்ன மொதலாளிகிட்ட நாங்க யாரும் சொல்லப் போறதில்ல" என்றான். "அவரு கேக்கவும் மாட்டாரு. நீங்க ரேசுக்குப் போய்ட்டு வாங்க."

குத்திச் சொல்லவில்லை அவன். உண்மையாகவே போய் வரச் சொன்னான். இத்தனை நாள் வாப்பா போப்பா என்று பேசியவன், மண்டிக்காரர்களிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

தங்கவேல் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். இந்த ஊர் சொல்லாது. ராஜேந்திரனுக்குக் கருப்பனை அடித்தது இந்நேரம் மறந்திருக்கும். சொல்வதென்றால் தானேதான் போய், மண்டியில் ரங்கசாமியும் மூட்டைக்காரர்களும் நிற்க, அறைந்தது தப்பான ஆளை என்று அவனிடம் சொல்லவேண்டும். வந்து இந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசு என்று கேட்கவேண்டும். அவன் வரமாட்டான். அது தெரிந்தே கேட்கவேண்டும்.

"நான் சொல்லிடறேன் கருப்பா" என்றான்.

கருப்பன் சொம்பைக் கவிழ்த்து வைத்தான். "பஸ்ஸு வந்துடும்" என்றான்.

தங்கவேல் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. குறுக்குப் பாதையில் ஆலங்காயத்தைப் பார்த்து இறங்க ஆரம்பித்தான். மண்டி சாத்துவதற்குள் போய்ச் சேரவேண்டும். இன்றைக்குப் போகாவிட்டால் நாளைக்குச் சொல்ல மாட்டான். தன்னைப் பற்றி இப்போது அவனுக்கு அவ்வளவு தெரிந்திருந்தது.